லூர்து மேரி வாங்கிக் கொடுத்த சாயா

தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்து. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். அச்சந்தின் நடுவில் இருந்தது ஏசுதாசின் முறுக்குப் பட்டறை. கீழே இரண்டு அடுப்புகளும், மாவுத் தவலைகளும், எண்ணெய் டின்களும். இரும்பு ஏணியில் ஏறினால், மாளா என்று அவர்கள் அழைத்த மேல்தளம். பகலில் அங்கே முறுக்கு ஆறும், பொட்டலமாகும். வேலை முடிந்தபின் அதே இடம் அக்குடும்பத்தின் வீடாக மாறும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாணேயிலும் உள்ள கடைகளுக்கு அங்கிருந்துதான் முறுக்கும் காரச்சேவும் சென்றன.

அப்பட்டறையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அடுப்படியில் நிற்பவர், வீட்டாரோ வேலைக்கு வரும் மூவரோ, யாராயினும், "சுடுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அங்குள்ள அனைவருக்கும் சந்து முனைக் கடையிலிருந்து சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும். ஏசுதாசின் தங்கை ஜான்சி, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்து வெக்கையில் விளையாட்டாகத் தொடங்கி வைத்த வழக்கம் அது. எண்ணெய் தெறித்தாலும், கடாயின் காதைத் துணியின்றித் தொட்டுவிட்டாலும், "ஸ்ஸ்" என்பது வரைக்கும் அனுமதி உண்டு. சொல் வரக்கூடாது.

ஏசுதாஸ் வாரத்துக்கு ஒருமுறையாவது வாங்குவார். ஜான்சி மாதத்துக்கு ஒருமுறை. ஏசுதாசின் மனைவி லூர்து மேரி, வாக்கப்பட்டு வந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட வாங்கியதில்லை. கொதிக்கும் எண்ணெயின் மேல் குனிந்து அவள் முறுக்குப் பிழிகையில், எழும் ஆவி அவள் முகத்தில் மோதிக் கலைந்து போகும். அவள் கண்ணை மட்டும் சற்றே இடுக்கிக்கொள்வாள். பிறர் வாங்கும் சாயாவையும் அவள் ஊதிக் குடிப்பதில்லை. கடைக்காரன் கொண்டுவந்து வைத்த கணமே எடுத்து இரண்டு மிடறில் முடிப்பாள்.

"மைனிக்கு மேலுல இருக்கது தோலா, தகரமா?" என்பாள் ஜான்சி.

"எண்ணெ டின்னு பிரிச்சு ஒட்டியிருக்கேன். ஒனக்கும் வேணுமாட்டி?" என்பாள் லூர்து மேரி.

அந்தப் பெருமைக்குப் பங்கம் வந்த கதை இது.

சென்ற ஆண்டு அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. எண்ணெய் வாடையே ஆகாமல், மூன்று மாதம் கஞ்சியும் மோருமாகக் கிடந்து எழுந்தபோது, பதினைந்து கிலோ குறைந்திருந்தாள். உடம்பு மெலிந்ததே ஒழிய, தோல் மெலியவில்லை. தாடைக்குக் கீழே அது தளர்ந்து இரண்டு மடிப்பாகத் தொங்கியது. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை, ஏப்ரலில் சுனாபட்டியில் மகள் சுனிதாவுக்கு நிச்சயம் நடந்த நாள் வரையில்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள் ஒருத்தி, தட்டு மாற்றும் நேரத்தில் நான்கு பேர் கேட்கும்படி வினவினாள்: "பொண்ணோட ஆச்சிதான் உக்காந்திருக்காவ. அம்மைய எங்க? வரலியோ?"

அவை சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் லூர்து மேரிதான்.

வீடு திரும்பிய மறுநாள், மாளாவில் ஆணியில் தொங்கிய கண்ணாடியின் முன் நின்று, கழுத்துத் தோலை இரு விரல்களால் காதுப்பக்கம் இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணியேறி வந்த சுனிதா கண்டுவிட்டாள். செம்பூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் அவள். எதற்கும் ஒரு வழி தெரிந்தவள்.

"யம்மா, இதுக்கு ஆபரேஷன்லாம் வேண்டாம். எங்க ஆபீஸ் பக்கத்துல ஸ்கின் கிளினிக் இருக்கு. கத்தி கித்தி கெடையாது. மேல மிஷின வச்சு சூடு குடுப்பாங்க, பஸ், அம்புட்டுதான். உள்ள இறுகிக்கும்."

"சூடா?" என்றாள் லூர்து மேரி. அச்சொல் அவளுக்கு நம்பிக்கையளித்தது.

கீழிருந்து ஏசுதாஸ் குரல் கொடுத்தார். "சூடுதான் வேணும்னா ஒங்கம்மைய கடாய் பக்கத்துல இன்னும் ரெண்டு மணிக்கூறு நிறுத்தினா போதாதா? செம்பூருக்கு எதுக்கு?"

"அத்தான், ஒங்க சூட்டுல தொங்கிப்போன தோலுதான் இது. நீங்க வாய மூடிட்டு மாவப் பெசைங்க."

மே மாதக் கடைசியில் ஒரு மதியம், தாயும் மகளும் சயானிலிருந்து பஸ் பிடித்துச் செம்பூர் சென்றனர். கிளினிக் குளிர்ந்திருந்தது. டாக்டர் விஜயலக்ஷ்மி மாட்டுங்காக்காரர். நிதானமாகப் பேசும் அம்மையார். லூர்து மேரியின் கழுத்தைத் தொட்டு, கிள்ளி, விட்டு, தோல் திரும்பும் வேகத்தைக் கவனித்தார். காமாலை முற்றிலும் குணமானதற்கான சீட்டை வாங்கிப் படித்தார்.

"கல்யாணம் எப்போ?"

"ஆகஸ்ட் நடுவுல, டாக்டரம்மா."

"மூணு வாரத்துக்கு ஒரு தடவை, நாலு தடவை பண்ணலாம். கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் தெரியும். முழுசாத் தெரிய இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும். ஜாஸ்தி சூடு வெச்சா சீக்கிரம் ஆயிடும்னு நினைச்சுக்காதேங்கோ. அப்படி இல்லே." அவர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். "மிஷினைக் கொறச்சலா ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவா. எங்கே நிறுத்தணும்கிறதை நீங்கதான் சொல்லணும். பத்துக்கு எத்தனைன்னு கேப்பா. இதமா இருந்தா மூணு. நன்னா சூடு, ஆனாத் தாங்கறதுன்னா அஞ்சு. பொறுக்க முடியலேன்னா எட்டு. நமக்கு வேண்டியது அஞ்சு. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று லூர்து மேரி தலையாட்டினாள். எட்டு என்று ஓர் எண் தன்னைப் போன்றவளுக்கு எதற்கு என்றும் எண்ணினாள்.

மிஷினை இயக்கும் பெண் இசக்கிசெல்வி. இருபத்தைந்து வயதிருக்கும். அவள் பேச்சைக் கேட்டதுமே லூர்து மேரிக்கு முகம் மலர்ந்தது.

"நீ எந்த ஊருட்டி?"

"தாராவிதான் பெரியம்மா. கிராஸ் ரோட்டுப் பக்கம். சொந்த ஊரு நாங்குநேரி. நீங்க முறுக்குப் பட்டறதான? ஒங்க வீட்டு காரச்சேவு எங்கப்பாக்கு உசுரு."

"அடுத்த தடவ கொண்டாறேன்."

இசக்கிசெல்வி தாடைக்குக் கீழே குளிர்ந்த ஜெல்லைப் பூசி, வட்டமான கைப்பிடியை வைத்து மெல்லச் சுழற்றினாள். வெந்நீர் ஒத்தடம்போல இதமாயிருந்தது.

"நம்பர் சொல்லுங்க பெரியம்மா."

"ஒண்ணு."

மிஷினில் ஒரு படி ஏற்றினாள். "இப்போ?"

"ரெண்டு. நீ தூங்க வைக்கப் பாக்குத."

இன்னும் ஒரு படி, பின்னும் ஒன்று. சூடு தோலைக் கடந்து உள்ளே இறங்கியது. அடுப்பின் வெக்கை வெளியிலிருந்து அடிப்பது. இது உள்ளிருந்து எழுந்தது. லூர்து மேரியின் கால் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. நாக்கின் நுனிக்கு ஒரு சொல் வந்து நின்றது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிப் பழகிய சொல்.

"இப்போ எத்தன?"

"மூணு," என்றாள்.

இசக்கிசெல்வி தயங்கினாள். "செவக்குது பெரியம்மா. மூணுதானா?"

"நாங்கல்லாம் எண்ணெக் கொப்பரைக்குள்ள கெடந்தவளுவ. நீ பயப்படாத. ஏத்து."

அப்பெண் ஏற்றவில்லை, ஆனால் குறைக்கவும் இல்லை. இடது காதின் கீழ், எலும்பு மேடிட்ட இடத்தில் கைப்பிடி ஒருமுறை நின்று சென்றது. அந்த நொடியில் அது எட்டு என்பதை லூர்து மேரி ஐயமின்றி அறிந்தாள். "ஸ்ஸ்" என்று மட்டும் சொன்னாள். பட்டறையின் சட்டப்படி அதற்கு அனுமதி இருந்தது.

மறுநாள் காலையில், அவ்விடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தளவு, பளபளப்பாக, நீர் கோத்து.

முதலில் கண்டவள் ஜான்சி. "மைனி! என்ன இது? பொத்துப்போயிருக்கு!"

ஏசுதாஸ் மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் இருண்டது. கேலி பேசும் மனிதர்தாம். எனினும் காமாலையில் அவள் கிடந்த மூன்று மாதமும் பூசை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போய் வந்தவர்.

"எவ அவ? மிஷினப் புடிச்சவ? வேல தெரியாத சவத்தயெல்லாம் நிறுத்தி வச்சு ஆளக் கொல்லுதாளுவளா? ஏ சுனிதா, சப்பல போடு. இன்னைக்கு அந்தக் கடைய ஒரு வழி பண்ணிருவோம்."

"அப்பா, அது கடையில்ல, கிளினிக். சும்மா டெண்ஷன் ஆவாதீங்க."

"தழும்பு விழுந்துட்டா என்னளா செய்வ? கல்யாணப் போட்டோவுல ஒங்கம்ம கழுத்துல முந்தானையச் சுத்திக்கிட்டு நிப்பாளா? அந்தக் கெழவி அதுக்கும் ஒண்ணு சொல்லுவா."

லூர்து மேரி கொப்புளத்தின் மேல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஆச்சி என்று பாட்டியாக்கியது போதாதென்று, சூடுபட்ட ஆச்சி என்று பெயர் வாங்கப் போகிறோமே என்று அஞ்சினாள். மணநாளில் மண்டபத்து வாசலில் நின்று வருவோரை வரவேற்பதற்குப் பதினோரு வாரங்களே இருந்தன; ஆகஸ்ட் வரை நாள்கள் ஓடும் ஓட்டம் அவளுக்குத் தெரியும். அதனினும் அடியில் இன்னொன்றும் உறுத்தியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நீங்க வரவேண்டாம்," என்றாள் கணவரிடம். "எண்ணெ காஞ்சு நிக்கி. நானும் சுனிதாவும் போயிட்டு வாறோம்."

டாக்டர் விஜயலக்ஷ்மி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மேலோட்டமாத்தான் இருக்கு," என்றார் இறுதியில். "ஒடைக்கப்டாது. சொறியப்டாது. களிம்பு தரேன். மூணு வாரம் அடுப்புப் பக்கமே போகாதேங்கோ. வெயில் படப்டாது. தழும்பு விழாதுன்னுதான் நினைக்கறேன். ஆனா மூணு வாரம் கழிச்சுப் பாத்துட்டுத்தான் நிச்சயமாச் சொல்வேன்."

பின்பு அவர் இசக்கிசெல்வியை அழைத்தார். அப்பெண் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். தாளில் முந்தைய நாள் கேட்ட எண்கள் வரிசையாக இருந்தன: ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று.

"அவா மூணுன்னு சொன்னா நீ மூணுன்னு எழுதிண்டே இருப்பியா? தோல் செவக்கறதைப் பாக்க வேண்டாமா? இனிமே நீ மிஷின்ல நிக்க வேண்டாம். ரிசப்ஷன்ல உக்காரு."

"சரி மேடம்," என்றாள் இசக்கிசெல்வி. கண் கலங்கியது. பெரியம்மா பொய் சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

லூர்து மேரி மகளைப் பார்த்தாள். மகள் டாக்டரை முறைத்துக்கொண்டிருந்தாள், அடுத்துச் சண்டை பிடிப்பது தன் முறை என்பதுபோல். அப்போது லூர்து மேரியின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"எட்டு," என்றாள்.

"என்னது?"

"அது மூணு இல்ல, டாக்டரம்மா. எட்டு. அந்தப் பிள்ள, செவக்குது, மூணுதானான்னு கேட்டுச்சு. நாந்தான் ஏத்துன்னு சொன்னேன்."

சுனிதா எழுந்தே விட்டாள். "யம்மா! பாகல் ஹோ கயி க்யா? பைத்தியமா புடிச்சிருக்கு? எட்டுன்னா எட்டுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"வரலட்டி," என்றாள் லூர்து மேரி. அவளுக்கே வியப்பாயிருந்தது. "வாயில வந்துச்சு. வெளிய வரல. எங்க பட்டறையில அப்படிச் சொன்னா சாயா வாங்கிக் குடுக்கணும். இருபத்தெட்டு வருசமா வாங்கினதில்ல."

டாக்டர் அவளைப் பார்த்தார். பார்வை கடுமையாகவே தொடங்கியது. முடிகையில் உதட்டோரம் சிரிப்பு நின்றது. "ஒரு சாயாவுக்காகவா கழுத்தைப் பொசுக்கிண்டேள்?"

"அதுமட்டுமில்ல. கூடத் தீ வச்சா கல்யாணத்துக்குள்ள சட்டுனு இறுகிரும்னு ஒரு நப்பாசை. முறுக்குல நான் அப்படிச் செய்ய மாட்டேன், டாக்டரம்மா. தீ கூடினா மேல கருகும், உள்ள மாவாவே இருக்கும். எங்க நாத்தனார தெனமும் இதுக்குத்தான் ஏசுதேன். என் தோலுக்கு வரும்போது அது நெனப்புல இல்ல."

"நான் இவ்வளவு நாழி சொன்னதை நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டேள்," என்றார் டாக்டர். இசக்கிசெல்வியின் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை இவாளுக்கு நீயே பண்ணு. ஆனா இவா வாயை நம்பாதே. கால் விரலைப் பாரு."

அப்பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். லூர்து மேரியின் நெஞ்சில் ஏதோ ஒரு முடிச்சு, பாதியளவு அவிழ்ந்தது. மீதிப் பாதி மூன்று வாரம் கழித்துத்தான்.

அம்மூன்று வாரமும் அவள் மாளாவில் இருந்தாள். பொட்டலம் கட்டினாள். ஏணித் துவாரத்தின் வழியே கீழே கடாயைப் பார்த்தபடி அதிகாரம் செய்தாள்.

"ஏ ஜான்சி, தீயக் கொற. வெளிய கருக்கிட்டு உள்ள பச்சையா எடுக்காத."

"மைனி, ஒங்க கழுத்துக்குச் சொல்லுதியளா, முறுக்குக்குச் சொல்லுதியளா?"

கிளினிக்கில் நடந்ததைச் சுனிதா வீட்டில் அவிழ்த்துவிட்டிருந்தாள். ஏசுதாஸ் முதலில் கோபித்தார், பிறகு ஒரு நாள் முழுதும் சிரித்தார், பிறகு, சாப்பாட்டின்போது, மீன்குழம்பில் தலைத்துண்டை அவள் தட்டில் வைத்துவிட்டு, "நெசமாவே அம்புட்டு வருசமும் சுட்டுச்சாளா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவள் குனிந்து முள்ளை எடுக்கத் தொடங்கினாள்.

ஜூன் நடுவில் மழை வந்தது. தகரக் கூரையில் அது கொட்டிய ஓசையில் மிக்சியின் ஓசைகூடக் கேட்கவில்லை. காற்றில் ஈரமேற, முறுக்கு நமத்துப் போகாதிருக்க ஆறிய மறுகணமே பையில் அடைத்து வாய் ஒட்ட வேண்டியிருந்தது. அவசர வேலைக்கிடையிலும் நாளுக்கு ஒருமுறை ஜான்சி ஏணியேறி வந்து, கைபேசி வெளிச்சத்தில் மைனியின் கழுத்தைச் சோதித்தாள். கொப்புளம் வற்றியது. பழுப்பாய்ப் பொருக்கு கட்டியது. ஒரு ஞாயிறன்று, பூசைக்குப் போய் வந்து முகம் கழுவுகையில், பொருக்கு தானாக உதிர்ந்து கையோடு வந்தது. அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதிய தோல்.

குறித்த நாளில் டாக்டர் அதே விளக்கை இழுத்து வைத்தார்.

"தழும்பு இல்லே," என்றார். "இந்தச் சிவப்பும் ஒரு மாசத்துல போயிடும். கல்யாணத்துல யாரும் கண்டுபிடிக்க மாட்டா."

லூர்து மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே," என்றாள். கண்ணில் நீர் திரண்டதற்கு விளக்கின் மீது பழி போட்டாள்.

இசக்கிசெல்வி ஜெல்லைப் பூசினாள். ஆறிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் கைப்பிடியை வைத்தாள். அவள் கண் லூர்து மேரியின் கால் விரல்களின் மீதே இருந்தது.

"ஒண்ணு," என்றாள் லூர்து மேரி. "ரெண்டு." சற்று நேரம் கழித்து, "இப்போ மூணு. பொய்யில்லட்டி, நெசமாவே மூணு."

"கால் வெரலும் மூணுங்குது. சரி பெரியம்மா."

ஒரு படி ஏறியது. இதம் கடந்தது, சூடு உள்ளே இறங்கத் தொடங்கியது. நான்கு. ஐந்து. தாங்கக்கூடிய சூடு. இதுதான் வேண்டியது என்று சொல்லி அவள் அங்கேயே நிறுத்தச் சொன்னாள். வெகு நேரம் அப்படியே சென்றது. பின்பு தாடையின் வளைவில், ஒரே இடத்தைக் கைப்பிடி மூன்றாம் முறை கடந்தபோது, வெக்கை சட்டென்று கூர்மையாயிற்று. நாக்கின் நுனிக்குச் சொல் வந்து நின்றது. அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

"சுடுது!" என்றாள்.

சற்று உரக்கவே சொல்லிவிட்டாள். வெளியே அமர்ந்திருந்த சுனிதா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

கைப்பிடி அந்த நொடியே விலகியது. இசக்கிசெல்வி குளிர்ந்த துணியை எடுத்து அவ்விடத்தில் ஒற்றினாள். "இப்போ?" என்றாள்.

"இப்போ இல்ல," என்றாள் லூர்து மேரி.

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். சொன்னவுடன் எடுத்துவிட்டார்களே என்பதை நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் தோற்கவும் இல்லை. சுடுகிறது என்றால், எடுத்துவிடுகிறார்கள். இத்தனை எளிதான ஒன்றை இத்தனை காலம் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தோமே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெல் பூசிய தாடை குலுங்கியது.

"ஆடாதீங்க பெரியம்மா," என்றாள் இசக்கிசெல்வி.

திரும்பி வருகையில் மழை விட்டிருந்தது. சந்து முனையில், சாயாக் கடையின் முன் லூர்து மேரி நின்றாள்.

"ஏழு சாயா, பட்டறைக்கு," என்றாள்.

கடைக்காரன் கெட்டிலைக் கையில் பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஆஜ் கோன் ஹாரா, பாபி? சேட்டா?" இன்று தோற்றது யார், முதலாளியா என்று கேட்டான்.

"மே," என்றாள் அவள். "நாந்தான்."

பட்டறையில் செய்தி சாயாவுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. சுனிதா ஓடிப் போய்ச் சொல்லியிருந்தாள். ஜான்சி ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தாள்.

"மைனி, செம்பூர்ல சொன்னது இங்கன செல்லாதுல்லா? அது வேற ஏரியா."

"சொன்னது சொன்னதுதாம்டி. குடி."

"அப்போ இத்தன வருசமும்?"

"சுட்டுச்சு," என்றாள் லூர்து மேரி. "தெனமும் சுட்டுச்சு. ஒங்க எல்லாத்தையும்போல."

கடாயில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. ஏசுதாஸ் எழுந்து போய், தானாகவே இரண்டு அடுப்புகளின் தீயையும் தணித்தார். வாசலோரம் கிடந்த பழைய மின்விசிறியைத் தூக்கி வந்து, கடாயின் பக்கம் காற்று படாமல், அவள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேராக வைத்தார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா இத அப்பவே வச்சிருப்பேன்லா," என்று முணுமுணுத்தார்.

"மாப்பிள்ள வீட்டுக் கெழவிக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கூட வைக்கணும், அத்தான்," என்றாள் லூர்து மேரி. "அவ வாய்தான் நம்ம வீட்டுக்குக் காத்து கொண்டாந்துச்சு."

ஏணியின் இரண்டாம் படியில் அமர்ந்து, அவள் தன் குவளையை எடுத்தாள். ஆவி பறந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தனர், வழக்கம்போல் இரண்டு மிடறில் முடிப்பாள் என்று. அவள் குவளையை உதட்டருகே கொண்டு சென்றாள், நிறுத்தினாள், பின்பு உதட்டைக் குவித்து, அவசரமின்றி, ஊதி ஊதிக் குடித்தாள்.